ரெஜிஸ்டர்ல 57, தண்டவாளத்துல 41

ரயில்வேல பி.வே-ன்னு ஒரு பிரிவு இருக்கு, பெர்மனென்ட் வே, அதாவது தண்டவாளம், ஸ்லீப்பர், ஜல்லி எல்லாம் எங்க பொறுப்பு. ஜே.இ-யா, அதாவது ஜூனியர் இன்ஜினியரா சேந்து, எஸ்.எஸ்.இ-யா, அதாவது சீனியர் செக்ஷன் இன்ஜினியரா ரிட்டயர் ஆனவன் நான். இப்ப புதுசா வேலைக்கு சேர்ற பசங்க நிறைய பேர் என்கிட்ட கேக்கறது ஒண்ணுதான், சார் லைன்ல நடக்கறதே பாதி நாள் போயிடுது, இவ்ளோ ரெஜிஸ்டர் எதுக்கு சார் எழுதணும்னு. அவங்களுக்காகவும் ரயில்ல போற எல்லாருக்காகவும்தான் இதை எழுதறேன்.

ஒரு செக்ஷனுக்கு நான் மாத்தலாகி போன புதுசு. சார்ஜ் எடுக்கறப்ப கர்வ் ரெஜிஸ்டரை, அதான் வளைவுகளோட அளவு எழுதற நோட்டை, புரட்டிப் பாத்தேன். வளைவான லைன்ல 20 மீட்டர் கயிறை ரயிலோட (நாங்க ரயில்னு சொல்றது வண்டியை இல்ல, தண்டவாளக் கம்பியை) பக்கவாட்டுல இழுத்துப் பிடிச்சு, நடு மையத்துல கயித்துக்கும் ரயிலுக்கும் எத்தனை மில்லிமீட்டர் இடைவெளின்னு ஸ்கேல் வெச்சு அளப்போம், வெர்சைன்னு பேரு, 10 மீட்டருக்கு ஒரு தடவை அளந்து எழுதணும், அளக்கற ஒவ்வொரு இடத்தையும் ஸ்டேஷன்னு சொல்லுவோம். அது 2 டிகிரி கர்வ், கணக்குப்படி 57 வரணும். ரெஜிஸ்டர்ல 57, 58, 57, 57, 56-ன்னு வரிசையா அவ்ளோ அழகா இருக்கு, அதுக்கு முந்தின தடவை எழுதினதும் கிட்டத்தட்ட அதே நம்பருங்க. தினம் இத்தனை வண்டி ஓடற லைன் அப்படி இருக்கவே இருக்காது, அதுலதான் எனக்கு சந்தேகம் வந்துச்சு.

மறுநாள் காலைல லைன் வேலை பாக்கற கேங்கோட தலைவரான மேட்டையும் ரெண்டு டிராக்மேனையும் கூட்டிட்டு போய் நானே அளந்தேன். ஏழாவது ஸ்டேஷன்ல 41. எட்டாவதுல 72. குனிஞ்சு ஒரு கண்ணை மூடிட்டு ரயிலோட நீளவாக்குல பாத்தா அந்த இடத்துல லைன் உள்ள ஒடுங்கி வெளிய பிதுங்கி நிக்கறது கண்ணுக்கே தெரியுது. உடனே 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல வண்டி போகக்கூடாதுன்னு காஷன் போட்டு, பிளாக் வாங்கி, அதாவது வேலைக்காக கொஞ்ச நேரம் வண்டிங்களை நிறுத்த வெச்சு, லைனை சரி பண்ணோம். அப்புறம் மேட்தான் மெதுவா சொன்னாரு, சார் அந்த தடவை மழை, யாரும் அளக்க வரல, ரூம்லயே உக்காந்து எழுதினதுன்னு.

அந்த பக்கத்தை காலியா விட்டிருந்தா மேல இருக்கற ஏ.இ.என், அதான் அசிஸ்டென்ட் இன்ஜினியர், டிராலில வர்றப்ப ஏன்பா அளக்கலன்னு கேட்டிருப்பாரு. 57-ன்னு எழுதினதால யாருமே கேக்கல. அளக்காம விட்டது தப்புதான், ஆனா அளந்த மாதிரி எழுதினது அடுத்து வர்றவனோட கண்ணையும் சேத்து கட்டிட்டுது, எனக்கு அதுலதான் இன்னிக்கும் கோபம்.

யூ.எஸ்.எஃப்.டி டெஸ்ட்ல, அதான் அல்ட்ராசவுண்ட் மெஷின் தள்ளிட்டு போய் ரயிலுக்குள்ள விரிசல் தேடறது, ஐ.எம்.ஆர்-னு, அதாவது உடனே எடுத்தாக வேண்டிய ஒரு பழுது வந்தா ரயில் மேல சிவப்பு பெயின்ட்ல மூணு பெருக்கல் குறி போடுவாங்க. உடனே வேகத்தை குறைக்கணும், 3 நாளைக்குள்ள அந்த துண்டை மாத்தணும். அந்த 3 நாள் எப்ப ஆரம்பிச்சுதுன்னு எப்படி தெரியும்? கண்டுபிடிச்ச தேதி, நேரம், எந்த கிலோமீட்டர், எந்த ரெண்டு மாஸ்ட்டுக்கு (கரன்ட் கம்பத்துக்கு) நடுவுல, இடது ரயிலா வலது ரயிலா, இதெல்லாம் எழுதியிருந்தாதான். பெயின்ட் மழைல அழியும், ஆள் லீவுல போவான், தினம் லைன்ல நடந்து பாக்கற கீமேன் மாறுவான்.

காகிதம் போய் சேராட்டி என்ன ஆகும்ங்கறதுக்கு கதௌலி ரயில் விபத்து இருக்கு. 2017 ஆகஸ்ட் 19, உத்தரப் பிரதேசம் முசாஃபர்நகர் ஜில்லா. லைன்ல வேலை நடந்துட்டு இருக்கு, ஆனா முறையா பிளாக் இல்ல, வர்ற டிரைவருக்கு டி/409-ங்கற காஷன் ஆர்டரும் கைக்கு போகல. உத்கல் எக்ஸ்பிரஸ் அதோட வேகத்துலயே வந்து தடம் புரண்டு 20 பேருக்கு மேல செத்துப் போனாங்க. அந்த ஒரு துண்டு காகிதம் டிரைவர் கைல இருந்திருந்தா அவர் முன்னாடியே வேகத்தை குறைச்சிருப்பாரு.

இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தறோமே, டி.எம்.எஸ், அதான் டிராக் மேனேஜ்மென்ட் சிஸ்டம், இருக்கேன்னு சொல்லுவாங்க. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்லல. ஆனா அரசாங்கக் கணக்கை தணிக்கை பண்ற சி.ஏ.ஜி 2022 டிசம்பர்ல பார்லிமென்ட்ல வெச்ச அறிக்கையை படிச்சுப் பாருங்க, தடம் புரண்ட விபத்துங்களை பத்தினது, டிராக் ரெகார்டிங் கார் ஓட்டி அளக்க வேண்டியதுல 30-லேருந்து 100 சதவீதம் வரைக்கும் குறைஞ்சிருக்குன்னு சொல்லுது, டி.எம்.எஸ் உள்ளயே இருக்கற கண்காணிப்பு வசதி வேலை செய்யலன்னும் சொல்லுது. 100 சதவீதம் குறைவுன்னா அந்த வண்டி அந்தப் பக்கமே போகலன்னு அர்த்தம்.

அமெரிக்காவுல பெரும்பாலும் தனியார் கம்பெனிங்கதான் லைன் வெச்சிருக்காங்க, அதனால அரசாங்கமே சட்டமா எழுதி வெச்சிருக்கு, பார்ட் 213-னு. இன்ஸ்பெக்ஷன் பண்ண அன்னிக்கே எழுதணும், பாத்த ஆளே கையெழுத்து போடணும், எந்த லைன், பழுது எந்த இடத்துல, என்ன மாதிரி, அதுக்கு என்ன பண்ணீங்க, இத்தனையும் இருக்கணும். அன்னிக்கேங்கற வார்த்தைதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. ரெண்டு நாள் கழிச்சு எழுதறப்ப 41 ஞாபகம் இருக்காது, 57-தான் கைல வரும்.

அதனால தம்பிங்களா, பாக்கெட்ல ஒரு சின்ன நோட்டு வெச்சுக்கங்க, கயிறை இறக்கறதுக்கு முன்னாடி நம்பரை அதுல எழுதுங்க, மழையோ வேலையோ வந்து அளக்க முடியலன்னா முடியலன்னே ரெஜிஸ்டர்ல எழுதுங்க, திட்டு விழும், பரவாயில்ல.

பயணிங்களுக்கும் ஒண்ணு. ஓடற வண்டில திடீர்னு தூக்கிப் போட்டாலோ பக்கவாட்டுல பலமா ஆட்டினாலோ டிரைவர் அடுத்த ஸ்டேஷன்ல சொல்லி பதிவு பண்ணுவாரு, எங்க ஆளுங்க போய் அந்த இடத்தை பாப்பாங்க. உங்களுக்கு அப்படி தோணிச்சுன்னா நீங்களும் 139-க்கு போன் பண்ணலாம், இல்ல வண்டில கார்டுகிட்ட சொல்லலாம். சொல்றப்ப வண்டி நம்பர், எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல, மணி எத்தனை, இந்த மூணையும் சொல்லுங்க, ஜன்னல் வழியா கம்பத்துல இருக்கற கிலோமீட்டர் நம்பர் கண்ணுல பட்டா அதையும் சேத்து சொல்லுங்க.