பாய்லர் முள் ஏன் இறங்கிக்கொண்டே இருக்கிறது?

பிரிட்டனில் கோடையில் வீடு மாறியவர்களுக்கு, வீட்டைச் சூடாக்கும் பாய்லரின் குணம் முதல் குளிரில்தான் தெரியவரும். ஹீட்டிங்கைப் போட்டால், சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர் சில்லென்று கிடக்கும். பாய்லரின் அடியில் உள்ள பிரஷர் முள் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கும். குழாய்த் தண்ணீரை உள்ளே விடும் இணைப்பான ஃபில்லிங் லூப்பைத் திறந்து தண்ணீர் ஏற்றினால் வேலை செய்யும். சில நாளில் மறுபடி இறங்கிவிடும். இப்படித் தண்ணீர் ஏற்றி ஏற்றியே குளிர்காலத்தைக் கடத்துகிறவர்கள் உண்டு. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ரேடியேட்டருக்கும் குழாய்ச் சுடுநீருக்கும் ஒரே பெட்டியாக இருக்கும் காம்பி பாய்லரில் இரண்டு தண்ணீர் ஓடுகிறது. குழாயைத் திறந்தால் வருவது ஒன்று. ரேடியேட்டர்களுக்குள் சுற்றுவது வேறு. அது மூடிய சுற்று. அதே தண்ணீர்தான் வருடக்கணக்கில் சுற்றிவரும். முள் காட்டுவது இதன் அழுத்தத்தை. ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் வரை இருந்தால் சரி.

தண்ணீர் சூடானால் விரியும். 10 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குப் போனால் சுமார் 2.5 சதவீதம் பெருகும். சுற்றில் 100 லிட்டர் இருந்தால் இன்னும் இரண்டரை லிட்டருக்கு இடம் வேண்டும். மூடிய சுற்றில் அந்த இடத்தைத் தருவது எக்ஸ்பான்ஷன் வெசல். பெரும்பாலும் பாய்லருக்குள்ளேயே இருக்கும் இரும்பு டப்பா அது. நடுவே ஒரு ரப்பர் திரை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் ஏறக்குறைய 1 பார் அழுத்தத்தில் காற்றோ நைட்ரஜனோ. தண்ணீர் விரியும்போது வாயு சுருங்கி இடம் கொடுக்கும். ஆறும்போது திருப்பித் தள்ளும்.

வருடங்கள் போகப்போக வாயு கசிந்துவிடும், அல்லது திரை கிழியும். அப்புறம் விரியும் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. முள் மளமளவென ஏறி 3 பாரைத் தொட்டதும் சேஃப்டி வால்வு திறந்து, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னச் செம்புக் குழாய் வழியாகத் தண்ணீரைக் கொட்டும். இரவு பாய்லர் ஆறியதும் மிச்சத் தண்ணீர் சுருங்கும். காலையில் முள் பூஜ்யம். ஒருமுறை திறந்த வால்வில் துரு ஒட்டிக்கொண்டால் அது சரியாக மூடாமல் சொட்டிக்கொண்டே இருப்பதும் உண்டு.

ஆகவே முள்ளை ஆறியபோதும் சூடானபோதும் பார்த்து எழுதி வையுங்கள். 1.2-லிருந்து 1.8-க்குப் போனால் வெசல் நலமாக இருக்கிறது, கசிவு வேறெங்கோ. ரேடியேட்டர் வால்வுகளின் அடியில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா, தரையில் கறை இருக்கிறதா என்று தேடலாம். 1.2-லிருந்து 3-ஐ நெருங்கினால் சந்தேகம் வெசல் மேல். செம்புக் குழாயின் வாயைத் தொட்டுப் பார்க்க நினைத்தால், பாய்லர் ஆறிய பிறகு மட்டும்.

தண்ணீர் ஏற்றிக்கொண்டே காலம் தள்ளுவதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். புதுத் தண்ணீரோடு ஆக்சிஜனும் உள்ளே போகிறது. ரேடியேட்டரின் இரும்பு துருப்பிடித்துக் கறுப்புச் சேறாக அடியில் படிகிறது. துருவைத் தடுக்க ஊற்றிய மருந்தும் நீர்த்துப்போகிறது. மேலே சூடு, அடியில் குளிர் என்று ரேடியேட்டர் இருந்தால் சேறு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

உறைபனி நாளில் பாய்லர் களகளவென்று சத்தமிட்டு நின்றால் அது வேறு கதை. புகை குளிர்ந்து சேரும் நீரை வெளியே கொண்டுபோகும் பிளாஸ்டிக் வடிகுழாய் உறைந்திருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் இளகும். கொதிநீர் வேண்டாம், குழாய் வெடிக்கலாம்.

வெசலைச் சோதிக்க, கார் டயரில் இருப்பது போன்ற அதன் வால்வின் ஊசியை அமுக்கிப் பார்ப்பார்கள். தண்ணீர் பீறிட்டால் திரை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும். காற்றும் வராமல் சும்மா இருந்தால் சுற்றின் அழுத்தத்தை இறக்கிவிட்டுப் பம்பால் நிரப்பினாலே போதுமாக இருக்கலாம். இதற்காகப் பாய்லர் மூடியை நீங்களே கழற்றாதீர்கள். பல மாடல்களில் புகைவாயு அறைக்குள் கசியாமல் அடைப்பதே அந்த மூடிதான். அந்தப் புகையில் இருக்கக்கூடிய நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கேஸ் வேலை செய்பவர்களுக்கான பிரிட்டனின் பதிவேடான கேஸ் சேஃபில் பதிவுள்ள இன்ஜினியரைக் கூப்பிட்டு, எழுதிவைத்த இரண்டு அளவுகளையும் முதலிலேயே காட்டுங்கள். வந்தவரின் அடையாள அட்டையைத் திருப்பிப் பாருங்கள். எந்தெந்த வேலைக்கு அவருக்குத் தகுதி என்பது பின்பக்கத்தில் இருக்கும்.