மறுப்புக் கடிதத்தில் முதலில் தேதியைப் பாருங்கள்

சில மாதங்களுக்கு முன் ஒரு அம்மா கைப்பையின் அடியிலிருந்து கசங்கிய கடிதம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அவருடைய ஐந்து வயதுப் பையனுக்கு வாரம் இரண்டு முறை ஆக்குபேஷனல் தெரபி (உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளைத் தானே செய்யப் பழக்கும் எங்கள் சிகிச்சை) கேட்டிருந்தோம். மெடிக்கெய்டு சார்பாக அதைக் கவனிக்கும் காப்பீட்டு நிறுவனம், 'மருத்துவ அவசியம் நிரூபிக்கப்படவில்லை' என்று மறுத்திருந்தது. "அவ்வளவுதானே மேடம், விட்டுடலாம்" என்றார். தேதியைப் பார்த்தேன். 41 நாள் ஆகியிருந்தது. மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு. "இன்னும் 19 நாள் இருக்கு" என்றேன்.

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அரசு தரும் மருத்துவ உதவிதான் மெடிக்கெய்டு. 1965-இல் வந்தது. மாநிலத்துக்கு மாநிலம் பெயர்கூட மாறும்: பென்சில்வேனியாவிலும் மின்னசோட்டாவிலும் 'மெடிக்கல் அசிஸ்டன்ஸ்', கலிபோர்னியாவில் 'மெடி-கால்'. பெரியவர்களுக்கு எங்கள் சிகிச்சையைத் தருவதா வேண்டாமா என்பது அந்தந்த மாநிலத்தின் முடிவு.

21 வயது ஆகாதவர்களுக்கு அப்படியில்லை. இ.பி.எஸ்.டி.டி. என்ற மத்திய விதி இருக்கிறது. பிள்ளையின் குறையைச் சரிசெய்யவோ, மோசமாகாமல் பார்த்துக்கொள்ளவோ ஒரு சிகிச்சை அவசியமென்றால் மாநிலம் அதைக் கொடுத்தாக வேண்டும். 'வருடத்துக்கு இத்தனை முறைதான்' என்று கணக்குக் காட்டிக் கதவைச் சாத்த முடியாது.

சரி, அவசியம் என்பதை எப்படிக் காட்டுவது? இதில் தப்பு என் பக்கமும் இருந்தது. 'கைவிரல் நுண்செயல் வளர்ச்சியில் தாமதம்' என்று எழுதி, பரிசோதனை மதிப்பெண்ணைச் சேர்த்து அனுப்பியிருந்தேன். படிக்கிறவருக்கு அதில் பிள்ளையே தெரியவில்லை. அதனால் அந்த அம்மாவிடம், மூன்று நாள் காலையில் வீட்டில் நடப்பதை அப்படியே எழுதிவரச் சொன்னேன். தமிழில்தான் எழுதிவந்தார்: 'சட்டை மாட்ட 25 நிமிடம். முதல் பொத்தான் நான் போட்டேன். இரண்டாவதுக்கு அழுதான். ஸ்பூனை முஷ்டியால் பிடிக்கிறான், பாதி மடியில்.' அதை மொழிபெயர்த்து, டாக்டரின் கடிதத்தோடு இணைத்தேன். பத்து வருடமாக நான் எழுதிய எந்த அறிக்கையும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.

இன்னொரு வழக்கமான பதில்: 'பள்ளியில்தான் தெரபி தருகிறார்களே.' பள்ளியில் தருவது படிப்புக்கானது. பென்சில் பிடிப்பது, வகுப்பில் உட்காருவது மாதிரி. வீட்டில் குளிப்பதும் உடுத்துவதும் அவர்கள் கணக்கில் பெரும்பாலும் வராது. இரண்டின் இலக்கும் வேறு என்று எழுத்தில் காட்டிவிட்டால் அந்தக் காரணம் பெரிதாக நிற்காது.

ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் தெரபியை அனுமதிக் காலம் முடியும் முன்பே குறைத்தால் அவசரம் அதிகம். நிறுவனம் அந்தக் கடிதத்தை அனுப்பிய 10 நாளுக்குள் கேட்டால், முடிவு வரும்வரை நிறுத்தாமல் தரச் சொல்லலாம். மேல்முறையீட்டில் தோற்றால் அந்தச் செலவை உங்களிடம் திருப்பிக் கேட்கவும் வாய்ப்புண்டு, அதையும் யோசித்துக்கொள்ளுங்கள். நிறுவனம் மறுபடியும் மறுத்தால் மாநிலத்திடம் விசாரணை கேட்கலாம். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள், காசு கிடையாது. வீட்டில் இருக்கும் பன்னிரண்டு வயது அக்காவை போனில் பேச வைக்காதீர்கள், பாவம்.

'எங்களுக்குச் சம்பளம் அதிகம், மெடிக்கெய்டு வராது' என்று விண்ணப்பிக்காமலே இருப்பவர்களும் உண்டு. கடுமையான குறைபாடுள்ள பிள்ளைகளை, பெற்றோர் வருமானத்தைப் பார்க்காமல் சேர்த்துக்கொள்ள 1982-இலேயே சட்டம் வழிவிட்டது. அயோவாவைச் சேர்ந்த கேட்டி பெக்கெட் என்ற சிறுமியின் பெயரால் அதைச் சொல்வார்கள். உங்கள் மாநிலத்தில் அது எந்தப் பெயரில் நடக்கிறது என்று விசாரியுங்கள்.

அந்தப் பையனுக்கு வாரம் இரண்டு கேட்டதில் ஒன்று கிடைத்தது, ஆறு மாதத்துக்கு. அடுத்த அனுமதிக்காக அம்மா நோட்டை இப்போதே தொடங்கிவிட்டார். கடைசிப் பக்கத்தில், 'முதல் பொத்தான் அவனே, 9 நிமிடம்' என்று இருந்தது. 'முன்னேறிவிட்டான், இனி வேண்டாம்' என்று இதையே காட்டி மறுக்கலாம். அதனால் மற்ற நான்கு பொத்தானையும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.