கன்டெம்ப்ரரி ஒர்க்‌ஷாப்புக்குப் பேர் குடுக்குறதுக்கு முன்னாடி முழங்காலையும் ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க

நான் டான்சர் இல்லீங்க, ஃபிசியோதெரபிஸ்ட். ஆனா சென்னையில க்ளினிக் வெச்சிருக்குறதால டான்சர்ஸோட கால், இடுப்பு, முதுகு எல்லாம் வருஷம் பூரா பாத்துட்டே இருக்கேன். டிசம்பர் சீசன் முடிஞ்சதும் ஒரு கூட்டம் வரும், அது பெரும்பாலும் குதிகால், கணுக்கால், அடி இடுப்பு. அப்புறம் ஏப்ரல், மே லீவுல வேற மாதிரி கூட்டம். அஞ்சு நாள் கன்டெம்ப்ரரி, அதாவது நவீன மேடை நடனத்துக்கான இன்டென்சிவ் பயிற்சி, ஒரு வாரம் அங்கயே தங்கி ஆடுற ஒர்க்‌ஷாப்புனு போயிட்டு வந்து, முழங்கால் வீங்கி, மணிக்கட்டை ஊன முடியாம, கழுத்து ஒரு பக்கம் திரும்பாம உக்காந்திருப்பாங்க. எப்ப அடிபட்டுச்சுனு கேட்டா "அடியெல்லாம் படல மேடம், மூணாவது நாள்லேருந்து தானா வலிக்க ஆரம்பிச்சிடுச்சு"ம்பாங்க. கூட வந்த அம்மா உடனே "இந்த வெஸ்டர்ன் எல்லாம் வேணாம்னு அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டாளா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

அம்மாக்கள் கட்சியில நான் இல்ல. நல்லா நடத்துற கன்டெம்ப்ரரி ஒர்க்‌ஷாப் ஒரு டான்சரோட உடம்புக்கு செய்யுற நல்லத வேற எதுவும் அவ்ளோ சீக்கிரம் செய்யாது, அதை க்ளினிக்ல கண்ணால பாத்திருக்கேன். பிரச்சனை அந்த ஃபார்ம்ல இல்ல, நாம அதுக்குள்ள போய் விழுற விதத்துல இருக்கு. நேரா சொன்னா, பயத்துலயும் களைப்புலயும் இருக்குற உடம்பு புதுசா எதையும் கண்டுபிடிக்காது, பழகுனதையே திரும்பத் திரும்பப் போடும், அப்படிப் போடும்போதுதான் அடியும் படும். டெக்னிக், க்ரியேட்டிவிட்டி, இஞ்சுரி மூணும் வேற வேற டாபிக்னு நெனைக்குறவங்களுக்காகத்தான் இதை எழுதுறேன்.

மொதல்ல ஒண்ணு. டிவி ரியாலிட்டி ஷோவுல சோகப் பாட்டுக்கு முடிய விரிச்சுப் போட்டு தரையில உருளுறதுதான் கன்டெம்ப்ரரினு நம்ம ஊர்ல ஒரு நெனப்பு இருக்கு. ஆனா அது மட்டும் இல்ல. அமெரிக்க டான்சர் மார்த்தா கிரஹாம் மூச்ச வெச்சு வயித்த உள்ள சுருக்கி விரிக்குறதையே ஒரு டெக்னிக்கா கட்டுனாங்க. அங்கயே ஆடுன டோரிஸ் ஹம்ஃப்ரி, ஹொசே லிமோன் வழியில வந்தவங்க விழுறதையும் எழுறதையும் பாடமாக்குனாங்க. 1972ல அமெரிக்காவுல ஸ்டீவ் பாக்ஸ்டன் ஆரம்பிச்ச கான்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்ல ரெண்டு உடம்பு ஒண்ணோட ஒண்ணு வெயிட்ட குடுத்து வாங்குறதுதான் மொத்த ஆட்டமே. சரி அதெல்லாம் வெளிநாடுன்னு சொல்லுவீங்க, பெசன்ட் நகர் பீச்சுக்குப் பக்கத்துல இருந்த நடன அமைப்பாளர் சந்திரலேகா 1985லயே 'அங்கிகா'ங்குற படைப்புல பரதத்தோட களரிச் சண்டைக்கலையையும் யோகாவையும் சேத்து மேடையேத்திட்டாங்க, பெங்களூர்ல அட்டக்களரிங்குற கன்டெம்ப்ரரி டான்ஸ் சென்டர் 1992ல ஆரம்பிச்சாச்சு. அதனால இது நேத்து இன்ஸ்டாகிராம்ல மொளச்ச சமாச்சாரம் இல்ல, இதுக்குள்ள முறையான பயிற்சி இருக்கு, அந்தப் பயிற்சிக்கு உடம்புகிட்ட ஒரு கேள்வி இருக்கு. வெயிட்ட எங்க வெச்சிருக்க, அதை தரைகிட்ட குடுக்கத் தெரியுமா உனக்கு?

பரதம் ஆடுறவங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு. பத்து வருஷம் அரைமண்டில, அதாவது முட்டிய மடக்கி பாதி உக்காந்த நிலையில, ஆடுனவங்களுக்கு முதுகு நேரா, முட்டி ரெண்டும் வெளிப்பக்கமா, வெயிட் முழுக்க பாதத்துல, பாதம் தரைய அடிக்கும். தொடையும் ஆடுசதையும் கல்லு மாதிரி ஸ்ட்ராங்கா இருக்கும். அதே பொண்ண ரெண்டு பாதத்தையும் நேரா, பேரலலா வெச்சு ஒத்தக்கால்ல மெதுவா முட்டிய மடக்கச் சொல்லுங்க, முட்டி அப்படியே உள்பக்கமா சாயும். திறமை இல்லாமயெல்லாம் இல்ல, அந்த வரிசையில இடுப்புச் சதை வேலை செஞ்சு பழக்கமே இல்ல, அவ்ளோதான். இதுல இன்னொண்ணும் இருக்கு, அரைமண்டி திறப்பு இடுப்பு மூட்டுலேருந்து வரணும், நெறைய பேருக்கு அது பாதிதான் அங்கேருந்து வருது, மீதிய பாதத்த தரையில பிடிச்சு முட்டிய முறுக்கி ஈடுகட்டிட்டு இருப்பாங்க, அந்த முட்டிதான் ஃப்ளோர்ல உடம்ப முறுக்கிச் சுத்தி ஒரு ஸ்பைரல் போட்டு எழுந்திருக்கும்போது மொதல்ல சத்தம் போடும். மணிக்கட்டு கதை தனி. கையில முத்திரை பிடிச்சிருப்பாங்க, வெயிட்டு ஊனியிருக்கவே மாட்டாங்க. மொத நாளே கைய ஊனி கால தூக்கிப் போடச் சொன்னா அது என்ன பண்ணும் பாவம்.

ஆக டான்ஸ்ல சீனியர், ஃப்ளோர் ஒர்க்ல, அதாவது தரையில படுத்து உருண்டு ஆடுறதுல, எல்கேஜி. மனசு மட்டும் சீனியராவே போய் பின்வரிசையில நிக்க மாட்டேங்குது. க்ளினிக்குக்கு வர்றவங்கள்ல நல்ல டான்சர்ஸ்தான் ஜாஸ்தி, அதுக்கு இதுதான் காரணம்னு நான் நெனைக்குறேன். சும்மா ஆசைக்கு வந்தவங்க முடியலனா உக்காந்துடுவாங்க.

அடுத்தது அளவு. வாரத்துக்கு மூணு நாலு மணி நேரம் க்ளாஸ் போற உடம்ப ஒரு நாளைக்கே 6 மணி நேரம், அப்படி அஞ்சு நாள் வரிசையா ஆட விட்டா என்ன ஆகும்? பழகாத வேலை செஞ்சா வர்ற சதை வலி உடனே உச்சத்துக்கு வராது, 24 மணி நேரத்துலேருந்து 72 மணி நேரத்துக்குள்ளதான் வரும். கணக்குப் போட்டுப் பாருங்க, மூணாவது நாள். அன்னிக்கு தொடை வெலவெலத்துப் போயிருக்கும், இறங்குறப்ப ப்ரேக் புடிக்காது, ஆனா அன்னிக்குத்தான் மாஸ்டர் கஷ்டமான ஃப்ரேஸ, அதாவது கோர்வையா வர்ற அசைவுகள, ஆரம்பிச்சிருப்பாரு. வார்ம்-அப் முடிஞ்சதும் ஒடம்பு சரியாயிட்ட மாதிரி ஒரு ஃபீல் வரும், அதை நம்பி குதிப்பாங்க. சதையாவது சில வாரத்துல தேறிக்கும், தசைநாரும் எலும்பும் புது பாரத்துக்குப் பழக மாசக்கணக்குல ஆகும், அதுங்களுக்கு உங்க ஒர்க்‌ஷாப் தேதி தெரியாது.

அதனால பேர் குடுத்த அன்னிக்கே தயாரிப்பையும் ஆரம்பிச்சிடுங்க, 4லேருந்து 6 வாரம் இருந்தா நல்லது. பெருசா ஒண்ணும் இல்ல. பேரலல் பாதத்துல ஒத்தக்கால் ஸ்குவாட், கண்ணாடி முன்னாடி, முட்டி கால் ரெண்டாவது வெரலுக்கு நேரா போகுதான்னு பாத்துக்கிட்டு. ஒத்தக்கால்ல குதிகால தூக்கி இறக்குறது. கைய சொவத்துல ஊனி, அப்புறம் மேஜையில, அப்புறம் தரையிலன்னு வாரத்துக்கு வாரம் கீழ கொண்டு வர்றது.

அப்புறம் நான் எல்லாருக்கும் வெக்குற ஒரு டெஸ்ட் இருக்கு, வீட்லயே பண்ணலாம். நேரா நில்லுங்க. ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், 8 எண்ணிக்கைக்குள்ள நின்ன நிலையிலேருந்து தரையில மல்லாக்கப் படுக்கணும், அடுத்த 8ல எழுந்திருக்கணும். கைய லேசா வழிகாட்ட வெச்சுக்கலாம், ஊனக்கூடாது. பக்கத்துல ஒருத்தர் கண்ண மூடிட்டு சத்தத்த மட்டும் கேக்கணும். தொப்புனு கேட்டா அந்த இடத்துல எலும்பு இறங்குதுனு அர்த்தம். இறங்குற வழி ஆடுசதையோட வெளிப்பக்கம், தொடையோட வெளிப்பக்கம், பிட்டத்துச் சதை, அப்புறம் முதுகுத்தண்டுக்கு ஒரு பக்கமா இருக்குற சதை, தோள்பட்டை, இப்படி சதை மேலயே போகணும். தூங்குற கொழந்தைய பாயில படுக்க வெக்குற மாதிரி. முட்டிச் சில்லு, இடுப்பு முன்னாடி நீட்டிட்டிருக்குற எலும்பு, முழங்கை நுனி இது மூணும் தரைய மொதல்ல தொடக்கூடாது. ஒர்க்‌ஷாப்லேருந்து வர்றவங்களுக்கு கருநீலமா கண்டிப்போய் இருக்குறது சரியா இந்த மூணு இடந்தான். நல்ல டீச்சரா இருந்தா மொத நாள் முழுக்க இத மட்டுமே வெச்சு ஓட்டிடுவாங்க, பசங்க போரடிக்குதுனு மூஞ்சி தூக்கிட்டு நிப்பாங்க. நில்லுங்க பரவால்ல.

இப்ப தரை. நம்ம ஊர்ல ஒர்க்‌ஷாப் நடக்குற இடம் பெரும்பாலும் ஸ்கூல் ஆடிட்டோரியம், கல்யாண மண்டபத்து மினி ஹால், இல்லனா மாடியில டைல்ஸ் போட்ட ஒரு ஸ்டுடியோ. டான்ஸுக்குன்னு போடுற தரையில மேல மரப்பலகை இருக்கும், அடியில ரீப்பர் கட்டையும் ரப்பரோ ஃபோமோ இருக்கும், குதிச்சா லேசா உள்வாங்கும். சிமென்ட் மேல கருப்பு வினைல் ஷீட் ஒட்டிட்டு டான்ஸ் ஃப்ளோர்னு போஸ்டர் அடிக்குறாங்க. அது வழுக்காம இருக்க உதவும், அதிர்ச்சிய வாங்காது, ரெண்டும் வேற. குதிகாலால ஒரு தட்டு தட்டிப் பாருங்க, செத்த சத்தமா வந்து வலி உங்க முழங்கால் வரைக்கும் ஏறுச்சுனா அடியில சிமென்ட்டு. அந்த இடத்துல ஃப்ளோர் ஒர்க் மெதுவா பண்ணலாம், ஜம்ப் வேணாம். டைல்ஸ் மேல கார்பெட் விரிச்சிருந்தா இன்னும் மோசம், நீங்க திரும்பும்போது கார்பெட்டும் திரும்பும். முட்டிக்குப் போடுற நீ-பேட் வாங்கிக்கோங்க, நல்லதுதான், ஆனா அது சிராய்ப்புக்கும் கன்னிப்போறதுக்கும்தான், முறுக்கிக்கிட்டு எழுந்தா முட்டிக்குள்ள மெத்தை மாதிரி இருக்குற மெனிஸ்கஸ்ஸ அது காப்பாத்தாது.

சென்னைக்குனு ஒரு தொல்லை இருக்கு. மத்தியானம் சாப்பிட்டுட்டு ஏசி ஹால்ல ஈர டிஷர்ட்டோட ஒரு மணி நேரம் உக்காந்திருப்பாங்க, மறுபடி மியூசிக் போட்டதும் நேரா ஃபுல் அவுட், அதாவது முழு வேகத்துல ஆட்டம். ரெண்டாவது செஷனுக்கும் பத்து நிமிஷம் வார்ம்-அப் வேணும், டீச்சர் குடுக்கலனா ஓரமா நின்னு நீங்களே பண்ணிக்கோங்க.

க்ரியேட்டிவிட்டி பக்கம் வர்றேன், இதை ஏன் ஃபிசியோ பேசணும்னு கேக்காதீங்க. ஒரு ஒர்க்‌ஷாப்புல வார்ம்-அப் சொல்லிக்குடுக்கப் போயிருந்தப்ப பாத்தேன். பரதம் தெரிஞ்ச பொண்ணுங்களா கூப்பிட்டு கால நீட்டிப் போடுற நாட்டடவு, தெய்யும் தத்த தெய்யும் தா, அத போடச் சொன்னாங்க டீச்சர். போட்டாங்க, பளிச்சுனு இருந்துச்சு. அப்புறம் கை இல்லாம. அப்புறம் கால் நீட்டுற வேலைய முழங்கை ஆரம்பிச்சு வெக்கணும். அப்புறம் அந்த தெய்யும் தத்தங்குற சொல்லுக்கட்ட மனசுல வெச்சுக்கிட்டு நாலு மடங்கு மெதுவா, தரையில படுத்துட்டே. மொத ரெண்டு நிமிஷம் எல்லாரும் சிரிச்சாங்க, அசிங்கமா இருந்துச்சுன்னுகூட சொல்லலாம். ஒரு பொண்ணு மட்டும் படுத்த வாக்குல கால நீட்ட இடுப்ப எங்க நகத்தணும்னு தேடித் தேடி ஒரு அரை ஆவர்த்தனம் கண்டுபிடிச்சா. அடுத்த நாள் நின்னுட்டு அதே நாட்டடவு போட்டப்ப அவளோட கால் இடுப்புலேருந்து திறந்துச்சு, நான் எக்சர்சைஸ் ஷீட்டு குடுத்து மாசக்கணக்கா கெஞ்சுற விஷயம் அது. இம்ப்ரொவைசேஷன் டாஸ்க்குனு சொல்றது இதத்தான், உடம்ப பழகுன பாதையில போகவிடாம ஒரு விதிய வெச்சு வேற பாதை தேட வெக்குறது. கண்ணாடிய மூடிட்டு ஆட விடுறதும் அதுக்குத்தான், இஸ்ரேல்ல ஓஹாட் நஹாரின் உருவாக்குன காகாங்குற டான்ஸ் முறையோட க்ளாஸ்ல கண்ணாடியே கிடையாது.

இதெல்லாம் வலியோட இருக்குற உடம்பு செய்யாதுங்க. முட்டி வலிச்சா மூளை அந்தக் கால பத்திரப்படுத்தத்தான் பாக்கும், தேடாது. அஞ்சு நாளும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் ஸ்டெப் காம்பினேஷன் மேல காம்பினேஷனா ஏத்தி கடைசி நாள் வீடியோ எடுத்து ரீல்ஸ் போட்டு அனுப்புற ஒர்க்‌ஷாப்புக்கு நீங்க குடுத்த ஃபீஸ் ஒரு நிமிஷ வீடியோவுக்குத்தான். அது வேணும்னா போங்க, தப்பில்ல, ஆனா அதை ட்ரெய்னிங்குனு சொல்லாதீங்க. பேர் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நாள் டைம்டேபிள் கேளுங்க, தரை என்னன்னு கேளுங்க, டாஸ்க் ஒர்க்குக்கு எவ்ளோ நேரம்னு கேளுங்க. பதில் சொல்ல இழுத்தா வேற எடம் பாருங்க.

தொடுறதப் பத்தியும் பேசிடணும். கான்டாக்ட், லிஃப்ட் எல்லாம் தொடாம நடக்காது. ஆனா "இன்னிக்கு நான் பார்ட்னர் ஒர்க் பண்ணல"ன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு, காரணம் சொல்ல வேண்டியதில்ல. 18 வயசுக்குக் கீழ இருக்குறவங்களா இருந்தா ஹால்ல யார் இருப்பாங்கன்னு பெத்தவங்க கேக்கலாம், கேக்கணும். இன்னொரு வகைத் தொடுதல் எனக்கு சுத்தமா ஆகாது, கால் ரெண்டையும் விரிச்சு ஸ்ப்ளிட்ல உக்கார வெச்சு தோள் மேல கைய வெச்சு அமுக்குறது, சில எடத்துல முதுகு மேல ஏறியே உக்காருவாங்க. வளர்ற பசங்களுக்கு பின்தொடை தசை ஒட்டியிருக்குற எடத்துல, அதான் நாம உக்காரும்போது தரையில படுற எலும்பு, அங்க வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது. ஒரு வேகமான இழுப்புல தசை அறுந்துபோறதுக்குப் பதிலா எலும்புத் துண்டையே பேத்துக்கிட்டு வந்துடலாம். மாசக்கணக்குல ஆட்டம் கட். யாராவது அமுக்க வந்தா எழுந்திருங்க, மரியாதைக் குறைச்சல் எல்லாம் ஒண்ணும் இல்ல.

எந்த வலி பரவால்ல, எது இல்ல? ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி சதையில பரவலா வலிச்சு, நாளுக்கு நாள் குறைஞ்சா அது சதைக் களைப்பு. முறுக்கும்போது டக்குனு ஒரு சத்தம் கேட்டு கொஞ்ச மணி நேரத்துக்குள்ள முட்டி வீங்குனா எலும்ப எலும்போட கட்டி வெக்குற லிகமென்ட் கிழிஞ்சிருக்கலாம், அன்னிக்கே எலும்பு டாக்டர பாருங்க. முட்டி பாதியில மாட்டிக்கிட்டு நீட்ட முடியலனாலும் அதேதான். எலும்பு மேல ஒரே ஒரு புள்ளியில வெரல் வெச்சு காட்டுற மாதிரி வலி, ஒத்தக்கால்ல குதிச்சா சுரீர்னுது, ராத்திரியும் விடலனா ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது எலும்புல மெல்லிய கீறல், இல்லைன்னு உறுதி பண்ணிக்கணும். வெயிட்டு குறையணும்னு காலைல காபியோட ஆடப் போறவங்களுக்கும், 3 மாசமா பீரியட்ஸ் வராத பொண்ணுங்களுக்கும் இது இன்னும் முக்கியம், அங்க எலும்பே பட்டினியில இருக்கு. வலி ஸ்ப்ரே அடிச்சு, மாத்திரை போட்டுட்டு கடைசி நாள் ஷோவ முடிச்சிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, வலி தெரியாம ஆடுன அந்த ஒரு நாளுக்கு அப்புறம் நாலு மாசம் எங்கிட்ட தெரப்பிக்கு வந்துட்டு இருப்பீங்க.

முடிஞ்ச அடுத்த வாரம் கச்சேரியோ ப்ரோக்ராமோ ஒத்துக்காதீங்க. குடுத்த டாஸ்க்க ஒரு நோட்டுல எழுதி வெச்சு, வாரத்துக்கு ரெண்டு தடவ இருபது நிமிஷம் தனியா பண்ணிப் பாருங்க, இல்லனா ஒரு மாசத்துல உடம்பு பழைய பாதைக்கே போயிடும். அப்படியும் வலி இருந்து ஃபிசியோகிட்ட போறதா இருந்தா எக்ஸ்ரேயோட சேத்து ஆடுன தரையோட போட்டோவும், ஆடுறப்ப எடுத்த வீடியோ இருந்தா அதையும் கொண்டு போங்க, காட்டச் சொல்லிக் கேக்கலனாலும் நீங்களே காட்டுங்க.