பால்குடம் எடுக்கலாமா, டாக்டர்?

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது வந்தார். நாற்பதைத் தாண்டியவர். (ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) உட்கார்ந்ததிலிருந்து இரண்டு கைகளையும் முந்தானைக்குள்ளேயே வைத்துக்கொண்டு பேசினார். "உடம்பு சூடு டாக்டர், விரதம் இருக்கேன்ல" என்றார். கையைக் காட்டச் சொன்னால் மூடியபடியே நீட்டினார். விரித்துப் பார்த்தேன். உள்ளங்கை முழுக்கச் செம்பு நிறப் புள்ளிகள், அரிப்பு இல்லை. பாதத்திலும் அதே. சூட்டுக் கொப்புளம் இப்படி இடம் பார்த்து உட்காராது. ரத்தப் பரிசோதனையில் சிஃபிலிஸ் என்று வந்தது. உடலுறவில் தொற்றும் நோய்களை நம் பாட்டிமார் பொத்தாம்பொதுவாக மேகநோய் என்பார்களே, அதில் ஒன்று.

குணமாகுமா என்று அவர் கேட்கவில்லை. "இதோட பால்குடம் எடுக்கலாமா?" என்றுதான் கேட்டார்.

விசாரித்ததில் விஷயம் வெளியே வந்தது. இரண்டு மாதம் முன்பு கீழே ஒரு புண். வலி இல்லை, சில வாரத்தில் தானாக ஆறிவிட்டது. சிஃபிலிஸ் அப்படித்தான்: புண் ஆறும், கிருமி உடம்பில் தங்கும். "அங்கெல்லாம் போய் யார்கிட்ட காட்டுறது?" என்று விட்டுவிட்டார். அன்றிலிருந்து சாமி விளக்கைக்கூடத் தொடவில்லையாம், மகள்தான் ஏற்றுகிறாள். கணவரைத் தவிர வேறு ஆண் அவர் வாழ்க்கையில் இல்லை.

வெட்கப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். நானும் பினாங்கில் அப்படி வளர்ந்தவள்தான். துடோங் (முக்காடு) போட்ட தமிழ் முஸ்லிம் அக்கா ஒருவர், பெண் டாக்டர் என்று உறுதிசெய்துகொண்ட பிறகே உள்ளே வந்தார். சரி, அதிலென்ன தப்பு? பெண் டாக்டர் வேண்டும், நர்ஸ் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று தாராளமாகக் கேளுங்கள். பல பரிசோதனைகளுக்குத் துணியை விலக்கவே தேவையில்லை. சிஃபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் ரத்தம் போதும். கிளமிடியா என்ற இன்னொரு பால்வினை நோய்க்குச் சிறுநீர், அல்லது நீங்களே தனியறையில் பஞ்சுக்குச்சியால் எடுத்துத் தரலாம்.

மலேசியாவில் கர்ப்பிணிகளுக்கு சிஃபிலிஸ், எச்ஐவி இரண்டு பரிசோதனையும் வழக்கமாகச் செய்கிறோம். தாயிடமிருந்து குழந்தைக்கு இவை தொற்றுவதை ஒழித்த நாடு என 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் அங்கீகரித்தது. அங்கே யாரும் நடத்தையை விசாரிப்பதில்லை. எல்லோரும் கையை நீட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

பால்குடத்துக்கு வருகிறேன். நான் ஐயர் இல்லை, ஆனால் கிருமி குடத்தில் ஏறாது என்று சொன்னேன். ஒரே தட்டில் சாப்பிட்டாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்தினாலும் தொற்றாது. தாம்பத்தியம் மட்டும் இருவருக்கும் சிகிச்சை முடியும்வரை கூடாது. பெனிசிலின் ஒவ்வாமை இல்லையென்று கேட்டுக்கொண்டு, இடுப்பில் ஊசியை நானே போட்டேன். ராத்திரி காய்ச்சல் அடிக்கலாம், கிருமி சாகும்போது அப்படி வரும், சாமி குத்தம் என்று பயப்படாதீர்கள் என்றும் சொல்லி அனுப்பினேன். மறுபடி ரத்தம் பார்க்கத் தேதியும் கொடுத்தேன்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறிவிட்டார். கணவரை வரவழைப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. மூன்று தடவை சொல்லி அனுப்பிய பிறகு வந்தவர், ஊசி என்றதும் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்: "ஆம்பள டாக்டர் யாரும் இல்லையா?"