ஸ்கேனில் சிவப்பு தெரிந்தால் ஸ்லீப் ஆப்னியாவா?

பல்லுக்குக் கிளிப் போடவோ தாடை அறுவைக்காகவோ எடுத்த ஸ்கேனைக் கையில் வைத்துக்கொண்டு, “தொண்டைகிட்ட சிவப்பா காட்டுதே டாக்டர், தூக்கத்துல மூச்சு நிக்கிற வியாதியா?” என்று கேட்பவர்கள் இப்போது அதிகம். கலர் பிரிண்ட்டைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

இந்த ஸ்கேனுக்கு சி.பி.சி.டி. என்று பெயர். எக்ஸ்ரே கருவி தலையைச் சுற்றி வந்து முப்பரிமாணப் படம் தருகிறது. படத்தில் காற்று கறுப்பாகத் தெரியும். அதை மட்டும் பிரித்தெடுத்து, மூச்சுப்பாதையின் கொள்ளளவு எவ்வளவு, மிகக் குறுகிய இடத்தின் பரப்பு எத்தனை சதுர மில்லிமீட்டர் என்று சாப்ட்வேர் கணக்குப் போட்டு, குறுகிய இடத்துக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும். எந்த அளவுக்குக் கீழே சிவப்பு என்பதை மாற்றி அமைக்கவும் முடியும். நிறத்தை வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்லக்கூடாது என்பதற்கு இது ஒன்றே போதும்.

இன்னும் பெரிய காரணம், படம் எடுக்கும் விதம். பெரும்பாலான கருவிகளில் நீங்கள் உட்கார்ந்தோ நின்றோ இருக்கிறீர்கள். முழு விழிப்பில் இருக்கிறீர்கள். தாடையைத் தாங்கியில் வைத்து, “எச்சில் முழுங்காதீங்க, நாக்கை அசைக்காதீங்க” என்று டெக்னீஷியன் சொல்வார். அந்தச் சில விநாடிகளில் ஒரு முறை விழுங்கிவிட்டாலோ, தலை கொஞ்சம் அண்ணாந்துவிட்டாலோ அளவு மாறிவிடும். நோயோ தூக்கத்தில் வருவது. மல்லாந்து படுத்து, தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரியும்போதுதான் பாதை அடைபடுகிறது. ஆகவே பாதை அகலமாகத் தெரிந்தவருக்கும் நோய் இருக்கலாம். சிவப்பாகத் தெரிந்தவர் நிம்மதியாகத் தூங்குபவராகவும் இருக்கலாம். அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் சீரமைப்பு நிபுணர்) சங்கம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையும் இந்த நோயைக் கண்டறிய முப்பரிமாணப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்றே சொல்கிறது.

நோயை உறுதி செய்வது, தூங்கும்போது செய்யும் ஸ்லீப் ஸ்டடி என்ற பரிசோதனைதான். பத்து விநாடியோ அதற்கு மேலோ மூச்சு நிற்பதும் குறைவதும் மணிக்கு எத்தனை முறை என்று அதில் எண்ணுவார்கள். பெரியவர்களுக்கு 5-க்குக் கீழே என்றால் இயல்பு, 30-ம் அதற்கு மேலும் என்றால் தீவிரம். அதற்கு அனுப்பலாமா என்று முடிவு செய்ய எனக்கு ஸ்கேனைவிட நோயாளியின் மனைவி சொல்வதுதான் உதவுகிறது. “குறட்டை விட்டுட்டே இருப்பார், திடீர்னு சத்தமே வராது, அப்புறம் திணறிக்கிட்டு மூச்சை இழுப்பார்” என்றால் மேற்கொண்டு யோசிக்க வேண்டியதில்லை. பகலில் தூங்கி வழிவது, ரத்த அழுத்தம், 40 செ.மீ.-க்கு மேற்பட்ட கழுத்துச் சுற்றளவு ஆகியவற்றையும் பார்ப்பேன். வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறது என்பவரைத் தள்ளிப்போடவே விடமாட்டேன்.

அப்படியானால் ஸ்கேனே வீணா? இல்லை. கீழ்த்தாடை எவ்வளவு உள்வாங்கியிருக்கிறது, மூக்குத் தண்டு வளைவு, மூக்குக்குப் பின்னால் உள்ள அடினாய்டு சதையின் வீக்கம் எல்லாம் அதில் தெளிவாகத் தெரியும். தாடையை முன்னால் நகர்த்தும் அறுவை சிகிச்சையைத் திட்டமிட அது மிகவும் உதவும். வேறு காரணத்துக்காக எடுத்த படத்தில் தொண்டையும் விழுந்திருந்தால் அதையும் பார்த்து, சந்தேகம் வந்தால் இ.என்.டி. டாக்டரிடம் அனுப்புவது எங்கள் கடமை. குறட்டை என்ற ஒரே காரணத்துக்காக, அதிலும் குழந்தைகளுக்கு, பெரிய பரப்பில் இந்த ஸ்கேன் எடுப்பதைத்தான் நான் ஏற்பதில்லை. மருத்துவமனை சி.டி.யைவிடக் கதிர்வீச்சு பொதுவாகக் குறைவுதான். அதற்காகக் காரணமில்லாமல் எடுக்க முடியுமா?

கீழ்த்தாடையை முன்னிழுத்து வைக்கும் பல் கருவி கொடுத்த பிறகும் இதே குழப்பம் வரும். கருவியோடு ஒரு ஸ்கேன் எடுத்து, “பாருங்க, சிவப்பு பச்சையாயிடுச்சு” என்று காட்டுவது சுலபம். நோயாளிக்கும் சந்தோஷம். ஆனால் கருவியை மாட்டிக்கொண்டு தூங்கும்போது மூச்சு நிற்கும், குறையும் எண்ணிக்கை இறங்கியிருக்கிறதா என்பதற்கு, கருவியோடு இன்னொரு முறை ஸ்லீப் ஸ்டடி செய்தாக வேண்டும். குறட்டைச் சத்தம் நின்றுவிட்டது என்று அதைத் தவிர்ப்பவர்கள் நிறைய; சத்தம் அடங்கிய பிறகும் மூச்சு நிற்பது தொடரலாம்.