இன்ஜின் சூடேறி வாரன்ட்டி மறுக்கப்பட்டால்: சேலத்தில் எங்கே, எப்படி முறையிடுவது?

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் வண்டி நெடுநேரம் சின்ன கியரிலேயே இழுக்க வேண்டும். கூலிங் சிஸ்டத்தில் ஒளிந்திருக்கும் குறை அங்கேதான் வெளிப்படும். வாரன்ட்டி காலத்தில் ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டால் சர்வீஸ் சென்டரில் அடிக்கடி வரும் பதில்: "சூடேறின பிறகும் ஓட்டியிருக்கீங்க, கிளெய்ம் வராதுங்க."

அதோடு விட்டுவிடாதீர்கள். முதலில் போனது எது என்று கேளுங்கள். தெர்மோஸ்டாட் (சூடான கூலன்ட்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு) திறக்காமல் நின்றதா, ரேடியேட்டர் ஃபேன் சுற்றவில்லையா, வாட்டர் பம்ப் கசிந்ததா? அப்படி ஒரு பாகம் பழுதாகி, அதனால் கேஸ்கெட் போயிருந்தால் உங்கள் பக்கம் வலு இருக்கிறது. கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றி ரேடியேட்டரில் உப்பு படிந்திருந்தால் வாதாடுவது கடினம்.

வழக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஜாப் கார்டுதான், அதாவது வண்டியை விடும்போது உங்கள் புகாரை சர்வீஸ் சென்டர் எழுதிக்கொள்ளும் படிவம். "பிக்கப் இல்லை" என்று மொட்டையாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்த இடத்தில், எத்தனையாவது கிலோமீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது, எப்போது ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தீர்கள் என்பதை நடந்தது நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். ஸ்கேனர் காட்டும் எரர் கோடையும், அப்போது பதிவான கூலன்ட் வெப்பநிலையையும் செல்போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அந்த எரர் கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டால் அந்தப் பதிவும் போய்விடும். மறுப்பையும் அதற்கான காரணத்தையும் மின்னஞ்சலில் வாங்குங்கள்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். அது சமரச முயற்சிதான், தீர்ப்பு அல்ல. தீரவில்லை என்றால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் கீழ் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். வண்டியை வேறு ஊரில் வாங்கியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். வக்கீல் கட்டாயமில்லை. வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம் போதும். அந்தத் தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400, அதற்கு மேல் 1,000. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். டீலர், தயாரிப்பு நிறுவனம் இருவரையும் எதிர்தரப்பில் சேருங்கள். இல்லாவிட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். சொந்தப் பிழைப்புக்குத் தானே ஓட்டும் டாக்ஸிக்காரரும் நுகர்வோரே.

புது வண்டியே வேண்டும் என்று கேட்பதைவிட, ரிப்பேர் செலவும் இழப்பீடும் கேட்பது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

தயாரிப்புக் குறை என்று நிரூபிக்க, பாகத்தை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தை உங்களிடம் முதலில் கேட்கக்கூடும். கழற்றிய தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தால் அனுப்ப எதுவும் இருக்காது. அதனால் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன்பே, பழைய பாகங்களைப் பத்திரப்படுத்தும்படி எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.