லைஃப் என்றால் உயிர்

"மாமா, ஒருத்தருக்கு ஒரு வாழ்க்கைதானே இருக்கும்? எனக்கு அஞ்சு இருக்குன்னு போட்டிருக்கு" என்று கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினான் என் அக்காள் மகன். அவனுக்கு வயது ஒன்பது. திரையில் மிட்டாய் நிறத்து எழுத்துகளில் 'உங்கள் வாழ்க்கைகள் நிரம்பிவிட்டன! விளையாட வாருங்கள்!' என்று இருந்தது. செத்தால் மறுபடி ஆட இத்தனை முறை என்று விளையாட்டு தரும் கணக்கு அது; ஆங்கிலத்தில் அதற்கு 'லைஃப்' என்று பெயர். தமிழ் தெரிந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு உடனே உறுத்திய பிழை, அதை எழுதியவருக்கு உறுத்தவில்லை. இந்த 'வாழ்க்கைகள்' என்ற சொல்லை இந்த ஆண்டில் மட்டும் மூன்று நான்கு விளையாட்டுகளில் பார்த்துவிட்டேன். பழைய வீடியோ கேம்களைப் பற்றி உருக்கமாகப் பேசும் காணொளி ஒன்றிலும் "கான்ட்ராவில் நமக்கு மூன்று வாழ்க்கைகள் கொடுக்கப்படும்" என்று ஒருவர் கூசாமல் சொன்னார். ஓடிக்கொண்டே சுடும் கான்ட்ரா விளையாட்டை ஆடிய ஒருவர் வாயில் எப்படி அந்தச் சொல் வந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

முதலில் சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தின் 'லைஃப்' பழைய ஜெர்மானியச் சொல். இன்றைய ஜெர்மன் மொழியில் உடலைக் குறிக்கும் 'லைப்' என்பதும், தங்கியிருத்தலைக் குறிக்கும் 'ப்ளைபன்' என்பதும் அதற்கு உறவு. வேரின் பொருள் ஒட்டிக்கொண்டிருத்தல், எஞ்சியிருத்தல். விளையாட்டில் 'லைஃப்' என்ற சொல் புகுவதற்கு முன்பே, பந்தைத் தட்டி ஆடும் பின்பால் மேசைகளில் ஒரு காசுக்கு இத்தனை பந்து என்ற கணக்கு இருந்தது. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற வீடியோ கேமில் பந்தின் இடத்தில் பீரங்கி வந்தது. ஒன்று நொறுங்கினால் திரையின் அடியில் காத்திருக்கும் அடுத்த பீரங்கி மேலே வரும். 1980இல் வந்த பேக்மேனில் மீதமுள்ள மஞ்சள் உருண்டைகள் மூலையில் வரிசையாக நின்றன. ஜப்பானியர் இதற்கு வைத்த பெயர் 'ஸான்கி', அதாவது மீதி இயந்திரம். வேறு வழியில் போய் அவர்களும் எஞ்சியிருத்தல் என்ற அதே பொருளை அடைந்திருக்கிறார்கள்.

அந்த எண்ணிக்கையை விளையாட்டு எழுதியவர் மட்டும் முடிவு செய்யவில்லை என்பதும் சொல்லத்தக்கது. கடைகளில் காசு போட்டு ஆடும் பெட்டிக்குள் இருந்த சிறு சுவிட்சுகளைத் தள்ளி, ஸ்பேஸ் இன்வேடர்ஸில் மூன்று முதல் ஆறு வரையிலும், பேக்மேனில் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்றும் கடைக்காரரே வைத்துக்கொள்ளலாம். காசுக்கு அளந்து கொடுக்கப்பட்ட உயிர் அது.

எங்கள் வீட்டுக்கு அது 1990களின் நடுவில் வந்தது. 1983இல் ஜப்பானில் நின்டென்டோ வெளியிட்ட ஃபேமிலி கம்ப்யூட்டர் என்ற விளையாட்டுக் கருவியைப் பார்த்துச் செய்த மலிவான நகல் பெட்டி ஒன்று, மஞ்சள் நிறக் கேசட்டோடு வந்தது. கார்ட்ரிட்ஜ் என்று யாரும் சொன்னதில்லை. அது கேசட்தான், படம் வராவிட்டால் அதன் வாயில் ஊதுவதுதான் வைத்தியம். '999 இன் 1' என்று கேசட்டின் மேல் அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் பத்துப் பன்னிரண்டு விளையாட்டுகள்தாம் வேறு வேறு கட்டத்திலிருந்து தொடங்கும்படி திரும்பத் திரும்ப வரும். ஒரு வரிசை எண்ணில் கான்ட்ரா மூன்று உயிரோடு தொடங்கும், இன்னொன்றில் அதே கான்ட்ரா முப்பதோடு தொடங்கும். முப்பது வரும் எண்ணை அண்ணன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தான்.

அப்போது நாங்கள் சொன்னது 'லைஃப்'. "எனக்கு இன்னும் ரெண்டு லைஃப் இருக்கு", "ஒரு லைஃப் போச்சு", "செத்துட்டேன்". இவற்றில் கடைசியைக் கவனிக்க வேண்டும். உலக வழக்கில் செத்தவன் 'செத்துட்டேன்' என்று சொல்ல முடியாது. வீடியோ கேம் ஆடும் பிள்ளை மட்டும் தன்மை ஒருமை இறந்தகாலத்தில் அதைச் சொல்லிவிட்டு மறுநொடி எழுந்து ஓடுகிறான். திரையில் சாவது அவனுடைய பொம்மை அன்று, அவன்தான். அவனிடமிருந்து போவது வாழ்க்கையா, உயிரா என்று எந்தப் பாட்டியிடம் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

தமிழில் 'உயிர்' என்பதன் வேர் 'உய்'. உய்தல் என்றால் பிழைத்திருத்தல், தப்பித்தல். குண்டுகளுக்கு நடுவே தப்பித்துத் தப்பித்து ஓடும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருந்திய வேர் எம்மொழியில் இருக்கிறது என்று தெரியவில்லை. 'வாழ்க்கை' என்பதோ 'வாழ்' என்ற வினையின் வழி வந்து, வாழும் முறையையும் வாழ்ந்து செல்லும் போக்கையும் குறிக்கும். திருக்குறளின் 5ஆம் அதிகாரம் இல்வாழ்க்கை. அங்கே பேசப்படுவது ஒருவர் இல்லத்தில் எப்படி நடந்துகொள்கிறார் என்பது. வாழ்க்கை நொடிக்கும், செழிக்கும், வெறுக்கும். அது பொசுக்கென்று போகாது. போவது உயிர். இரண்டையும் ஒரே குறளில் வைத்து வள்ளுவரே காட்டியிருக்கிறார்: 'மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார் உயிர்நீப்பர் மானம் வரின்'. வாழ்தல் நடப்பது, உயிர் நீப்பது. இதற்கு மேல் சான்று வேண்டுவோர் மலையாளத்தாரைக் கேட்கலாம். அவர்களுக்கும் ஜீவன் வேறு, ஜீவிதம் வேறு.

ஆங்கிலத்தில் ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது என்பதால், தமிழிலும் ஒரே சொல்லைப் போட்டு நிரப்புவது சோம்பல். நமக்கு முன்னால் கலைச்சொல் ஆக்கியவர்களிடம் அந்தச் சோம்பல் இல்லை. அவர்கள் உயிரியல் என்றார்கள். வாழ்க்கையியல் என்று சொல்லவில்லை. காப்பீட்டுக்கு வந்தபோது ஆயுள் காப்பீடு என்றார்கள், கடற்கரையில் நிற்பவரை உயிர்காப்பாளர் என்றார்கள், உடுப்பதும் உண்பதும் பற்றிப் பேசும்போது வாழ்க்கைமுறை என்றார்கள். ஒவ்வொன்றிலும் 'லைஃப்' எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்று பார்த்துத்தான் சொல்லை எடுத்தார்கள். இன்றைய மொழிபெயர்ப்பாளருக்கோ தனித்தனிச் சொற்களாக ஒரு பட்டியல் வருகிறது; அந்தச் சொல் எந்தத் திரையில், எதற்குப் பக்கத்தில் நிற்கப்போகிறது என்று அவருக்குத் தெரிவதில்லை, தெரிந்துகொள்ள அவர் கேட்பதுமில்லை. அகராதியின் முதல் பொருளை எடுத்து, பின்னால் 'கள்' ஒட்டி அனுப்பிவிடுகிறார்.

'வாழ்க்கை' தவறு என்பதை இரண்டு நிமிடத்தில் ஒப்புக்கொள்பவர்கள்கூட, உயிர் என்றதும் தயங்கி, 'வாய்ப்பு' என்று சொல்லலாமே என்கிறார்கள். நான் மதிக்கும் தமிழாசிரியர் ஒருவரே இந்தக் கட்சி. அவருடைய வாதம் எளிதில் தள்ளக்கூடியது அன்று. விளையாட்டில் உண்மையில் எவரும் சாவதில்லை, மறுபடி முயல இத்தனை முறை இடம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். ஆகவே வாய்ப்பு என்பதே தெளிவு, மேலும் பிள்ளைகள் வாயில் 'உயிர் போச்சு' என்ற அமங்கலமும் வராது என்கிறார்.

அமங்கலம் என்பதில் ஓர் உண்மை இருக்கிறது. எங்கள் வீட்டிலேயே ஒருநாள் மாலை நான் ஆர்வத்தில் 'லைஃப்' என்பதை மறந்து "அண்ணா, உயிர் போச்சு" என்று கத்திவிட்டேன். அடுப்பங்கரையிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து, "விளக்கு வைக்கிற நேரத்துல என்னடா பேச்சு இது?" என்று தொலைக்காட்சியையே அணைத்துவிட்டார். சுடுகாட்டை நன்காடு என்று சொல்லும் மரபு நமக்கு உண்டு. இலக்கணத்தில் அதற்கு மங்கலம் என்று பெயரும் உண்டு. நாங்கள் 'லைஃப்' என்று சொன்னதில் பாதி, பெரியவர் காதில் விழாமல் சாவைப் பேசுவதற்கான குழூஉக்குறிதான் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் குழூஉக்குறி எதை மறைக்கிறதோ, அதுதானே பொருள்? நாங்கள் மறைத்தது வாய்ப்பை அன்று.

கான்ட்ராவின் மூன்றாம் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். அருவியை ஒட்டி மேலே மேலே தாவி ஏற வேண்டும். இருவர் ஆடும்போது, முன்னே ஏறுபவரோடு திரையும் மேலே நகரும். கீழே தங்கியவர் திரையின் விளிம்புக்குக் கீழே போய்விட்டால் அதோடு சரி, செத்தார். பகைவர் எவரும் சுடவில்லை, குண்டு எதுவும் படவில்லை. அண்ணன் இரண்டு படி அதிகமாகத் தாவியதற்கு நான் சாவேன். "மெதுவா ஏறுண்ணா" என்று கெஞ்சுவேன், "நீ வேகமா வாடா" என்பான், இடையில் என் கணக்கில் இன்னொன்று குறையும். நான்காவது முறை நான் ரிமோட்டை அவன்மீது எறிந்தேன். (பித்தானும் வயரும் உள்ள அந்தக் கைப்பிடிக்கு எங்கள் தெருவில் ரிமோட் என்றே பெயர்.) அப்போது எனக்குள் இருந்தது 'என் வாய்ப்புகளில் ஒன்றை இவன் குறைத்துவிட்டான்' என்ற எண்ணமா? என் உயிரை வாங்கினான் என்பதுதான். அந்த மரபுத்தொடரைத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கிறது. 'உயிரை எடுக்காதே', 'பாதி உயிர் போய்விட்டது', 'போன உயிர் திரும்பி வந்தது' என்று அன்றாடம் சொல்கிறோம். உயிரைப் பகுக்கவும், இழக்கவும், திரும்பப் பெறவும் பழகிய மொழிக்கு வீடியோ கேம் புதிதாக எதையும் கற்றுத் தரவில்லை. கபடியின் ஒரு வகைக்கே சஞ்சீவனி என்று பெயர். எதிரணியில் ஒருவர் வெளியேறினால் நம் அணியில் வெளியேறியவர் ஒருவர் உயிர்பெற்று உள்ளே வருவார். அங்கே 'வாய்ப்புக் கபடி' என்று எவரும் பெயர் வைக்கவில்லை.

வாய்ப்புக் கட்சிக்கு என்னுடைய வலுவான மறுப்பு வேறு. வாய்ப்பு என்ற சொல் வீடியோ கேமில் வேறோர் இடத்துக்குத் தேவைப்படுகிறது. எல்லா உயிரும் தீர்ந்தபின் கடைப்பெட்டிகளில் ஒன்பது, எட்டு, ஏழு என்று எண்ணிக்கை இறங்கும். அதற்குள் இன்னொரு காசு போட்டால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தக் 'கன்டின்யூ'தான் வாய்ப்பு. ஒரு வாய்ப்புக்குள் மூன்று உயிர் அடக்கம். உயிருக்கே வாய்ப்பு என்று பெயர் வைத்துவிட்டால், 'வாய்ப்புகள் தீர்ந்தன, இன்னொரு வாய்ப்பு வேண்டுமா?' என்று திரை கேட்கும், ஆடுபவன் விழிப்பான். தெளிவுக்காகக் கொண்டுவந்த சொல் தெளிவைத்தான் முதலில் தின்னும்.

'ஆயுள்' என்பாரும் உண்டு. அது காலத்தின் நீளம். சண்டை விளையாட்டுகளில் அடி படப் படக் குறுகும் பட்டைக்கு ஒருவேளை பொருந்தலாம், எண்ணிக்கைக்குப் பொருந்தாது. மூன்று ஆயுள் என்றால் தண்டனைதான் நினைவுக்கு வருகிறது.

இனி, உயிர் என்று ஒப்புக்கொண்டவர்களும் செய்யும் பிழை ஒன்று. '3 உயிர்கள்' என்று எழுதாதீர்கள். எண்ணுப்பெயருக்குப் பின் அஃறிணையில் 'கள்' தேவையில்லை. பத்து ரூபாய், மூன்று நாள் என்பதுபோல மூன்று உயிர் போதும். அதோடு 'உயிர்கள்' என்றால் எறும்பு முதல் யானை வரை நினைவுக்கு வரும். என் பரிந்துரை 'மீதி உயிர்' என்பது, ஆனால் அதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. பேக்மேனின் மூலையில் தெரிவன இப்போது ஓடிக்கொண்டிருப்பது நீங்கலாக எஞ்சியவை. 1985இன் சூப்பர் மாரியோ பிரதர்ஸ் காட்டும் எண்ணிலோ, ஆடிக்கொண்டிருக்கும் உயிரும் சேர்த்தி. முன்னதற்கு 'மீதி உயிர்', பின்னதற்கு வெறும் 'உயிர்' என்று எழுதினால் கடைசி உயிரில் ஏமாற்றம் இராது. மாரியோவின் கணக்கில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 3-1 என்ற கட்டத்தில் படிக்கட்டில் இறங்கும் ஆமையின் மேல் சரியாகக் குதித்துக்கொண்டே இருந்தால் உயிர் ஏறிக்கொண்டே போகும். 127ஐத் தாண்டவிட்டால், அதற்கு மேல் இடமில்லாத அந்த 8 பிட் கணக்கில் எண் எதிர்மறையாகி, அடுத்த சாவிலேயே ஆட்டம் முடிந்துவிடும். நூற்றுக்கு மேல் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரே குழியில் விழுந்து எல்லாவற்றையும் இழந்த ஒருவரிடம் போய், அவர் இழந்தது 'வாழ்க்கைகள்' என்று சொல்லிப் பாருங்கள்.

அக்காள் மகன் காட்டிய அந்த விளையாட்டின் கருத்துப் பெட்டியில் இவ்வளவையும் நான்கு வரியில் சுருக்கி எழுதி அனுப்பினேன். 'வாழ்க்கைகள்' வேண்டாம், 'உயிர்' என்று மாற்றுங்கள் என்று கேட்டிருந்தேன். இரண்டு மாதம் கழித்துப் புதிய பதிப்பு வந்தது. மறுபடியும் கைபேசியை முகத்துக்கு நேரே நீட்டினான். 'உங்கள் உயிரினங்கள் நிரம்பிவிட்டன!' என்று இருந்தது.